மூளையின் குருத்துக்கலங்களும் நரம்பு நோய்களும்: மலையகக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாரிசவாதம், பார்க்கின்சன், வலிப்பு, பிள்ளைகளின் பெருமூளை வாதம் என்று நீண்டகால நரம்பு நோயோடு வாழும் வீடுகளுக்கு இப்போது ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ விளம்பரங்கள் கைபேசி வழியாகவே வந்து சேர்கின்றன. நகையை அடகு வைத்தாவது, ஈ.பி.எஃப். பணத்தை எடுத்தாவது போகலாமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறோம். தானும் பெருகி, வேறு வகைக் கலங்களாகவும் மாறக்கூடிய கலமே ஸ்டெம் செல். அதை இங்கே குருத்துக்கலம் என்றே குறிப்பிடுகிறோம்.

வளர்ந்தவர்களின் மூளையில் குருத்துக்கலம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் மூளை முழுவதும் இல்லை. விலங்குகளில் இரண்டு இடங்கள் தெளிவாகத் தெரியும். ஒன்று, மூளைக்குள் திரவம் நிறைந்திருக்கும் பக்க அறைகளின் சுவரோரம். மற்றது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் ஒரு மெல்லிய அடுக்கு.

வளர்ந்த எலியின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புக்கலங்கள் பிறக்கின்றன என்று ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் 1965இல் எழுதினார்கள். அப்போது அதைப் பெரும்பாலானோர் பொருட்படுத்தவில்லை. 1992இல் பிரென்ட் ரெனால்ட்ஸ், சாமுவேல் வைஸ் இருவரும் வளர்ந்த எலியின் மூளைக் கலங்களைத் தட்டில் பெருகவைத்துக் காட்டினார்கள். மனிதரில் சான்று வந்தது 1998இல். புற்றுநோய் ஆய்வுக்காக, பிரியும் கலங்களில் மட்டும் ஒட்டும் ஓர் அடையாளப் பொருள் செலுத்தப்பட்ட ஐந்து நோயாளிகள் இறந்தபின், அவர்களின் மூளையை பீட்டர் எரிக்சன், ஃபிரெட் கேஜ் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஹிப்போகாம்பஸின் நரம்புக்கலங்களில் அந்த அடையாளம் இருந்தது. அதாவது அந்தக் கலங்கள் முதிர்ந்த வயதில் பிறந்தவை.

அப்படியென்றால் எத்தனை கலம் பிறக்கிறது? ஆளுக்கு ஆள் வேறு கணக்கு சொல்கிறார்களே?

இதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து, கலங்களின் வயதைக் கணித்தார்கள். ஒரு பக்க ஹிப்போகாம்பஸில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 புதிய நரம்புக்கலங்கள் என்று விடை வந்தது. 2018 மார்ச்சில் வேறொரு குழு, வளர்ந்தவர்களில் தேடியும் இளம் நரம்புக்கலம் கிடைக்கவில்லை என்றது. அடுத்த மாதமே இன்னொரு குழு, முதுமையிலும் அவை பிறக்கின்றன என்றது.

இந்த முரண்பாட்டுக்கு முக்கியமான ஒரு காரணம் மூளைத் துண்டைப் பாதுகாக்கும் முறை. இளம் நரம்புக்கலத்தைக் காட்டிக்கொடுக்கும் புரதம், இறப்புக்குப்பின் மணித்தியாலங்கள் கடந்தாலோ, பாதுகாப்புத் திரவத்தில் அதிக நாள் கிடந்தாலோ சாயம் ஏற்காமல் போய்விடும். கலம் இருந்தும் கண்ணில் படாது. 2025இல் தனித்தனிக் கலங்களின் மரபணுச் செயற்பாட்டைப் பார்க்கும் முறையில், பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடிக் கலங்கள் வளர்ந்த மனிதரிலும் காணப்பட்டன. சிலரில் அதிகம், சிலரில் மிகக் குறைவு. எங்கள் பார்வையில் இன்று சொல்லக்கூடியது இதுதான்: இருக்கிறது, கொஞ்சம்தான் இருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இருந்தும் பாரிசவாதம் ஏன் தானாகக் குணமாகவில்லை?

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். மூளை அப்படித் துளிர்க்காது. 2002இல் சுவீடனின் லண்ட் நகர ஆய்வாளர்கள் எலிகளில் பாரிசவாதத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். அறைச் சுவரோரம் இருந்த குருத்துக்கலங்கள் பெருகின. பிறந்த இளங்கலங்கள் சேதமான இடத்தை நோக்கி நகர்ந்தன. ஆனால் அவற்றில் ஐந்தில் நான்குக்கு மேல் சில வாரங்களில் செத்துப்போயின. இழந்த நரம்புக்கலங்களில் அவை ஈடுசெய்தது 0.2 சதவீதம்தான்.

போய்ச் சேரும் இடம் வாழத் தகுந்த இடமில்லை என்பது ஒரு காரணம். இரத்த ஓட்டம் இருக்காது, அழற்சி இருக்கும், வடு இறுகியிருக்கும். இன்னொன்று, கையை அசைக்கும் நரம்புக்கலம் ஒன்றின் இழை மூளையின் மேற்பரப்பிலிருந்து முள்ளந்தண்டு வரை நீள்கிறது. புதிய கலம் பிழைத்தாலும் அந்தப் பாதையை மறுபடி போட்டுச் சரியான இடத்தில் இணைவது மிகக் கடினம்.

பாரிசவாதத்துக்குப்பின் பலர் ஓரளவு தேறுவது மிஞ்சியிருக்கும் கலங்கள் புதிய இணைப்புகளை ஏற்படுத்துவதால். அதை வளர்ப்பது பயிற்சி. பிசியோதெரபியை நாங்கள் ஓயாமல் வலியுறுத்துவது அதனால்தான்.

ஆய்வுகூடத்தில் இந்தக் கலங்களை எப்படி வளர்க்கிறார்கள்?

எலியின் அறைச் சுவரிலிருந்து சிறு துண்டை வெட்டி, பப்பாளிப் பாலிலிருந்து வரும் பப்பேன் போன்ற நொதியில் 37 பாகை வெப்பத்தில் வைத்துத் தளர்த்துவார்கள். பின் மெல்லிய குழாயால் மெதுவாக உறிஞ்சி உறிஞ்சி விட்டுத் தனிக்கலங்களாகப் பிரிப்பார்கள். இந்த இடத்தில் வேகம் கூடினால் கலம் கிழியும், குமிழி வந்தாலும் சாகும். 40 மைக்ரோன் வலையில் வடித்து, சீரம் இல்லாத ஊடகத்தில் விடுவார்கள். அதில் இ.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப்.-2 என்ற இரு வளர்ச்சிக் காரணிகளை மில்லிலீட்டருக்கு 20 நானோகிராம் அளவில் சேர்ப்பது வழக்கம். 5 சதவீதக் காபனீரொட்சைட்டு உள்ள அடைகாப்புப் பெட்டியில் ஒரு வாரம் போனால், தட்டில் ஒட்டாமல் மிதக்கும் சிறு உருண்டைகள் தெரியும். அவை நியூரோஸ்பியர் எனப்படும்.

உருண்டை ஏறத்தாழ 150 மைக்ரோன் வந்ததும் பிரித்து மறுபடி விதைக்க வேண்டும். விட்டால் நடுப்பகுதிக்கு ஒட்சிசன் எட்டாமல் கறுத்துச் செத்துவிடும். கலங்களை நெருக்கமாக விதைத்தால் பக்கத்து உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். அப்போது உருண்டைகளை எண்ணி ‘இத்தனை குருத்துக்கலம்’ என்று சொல்லும் கணக்கு பிழையாகும். உருண்டைக்குள் இருப்பதெல்லாம் குருத்துக்கலமும் அல்ல, பெரும்பகுதி பாதி வழி மாறிய கலங்கள். வளர்ச்சிக் காரணிகளை நிறுத்தி லமினின் என்ற புரதம் பூசிய தட்டில் இட்டால் அவை முதிரத் தொடங்கும், ஆனால் பெரும்பாலானவை தாங்கு கலங்களான அஸ்ட்ரோசைட்டுகளாகவே மாறும். நரம்புக்கலம் சிறு பங்குதான். பல மாதம் தொடர்ந்து வளர்த்தால் நிறமூர்த்தங்களில் கோளாறு வரலாம். மனிதருக்குள் வைக்கப்போகும் கலமென்றால் அதைச் சோதிக்காமல் விடவே கூடாது.

நோயாளிகளுக்கு வைத்துப் பார்ப்பது இதே கலங்களையா?

பெரும்பாலும் இல்லை. நோயாளியின் சொந்த மூளைக் குருத்துக்கலத்தை எடுக்க மூளையிலேயே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். கிடைப்பது கொஞ்சம், அதுவும் வேண்டிய வகை நரம்புக்கலமாக எளிதில் மாறாது. அதனால் இன்றைய முன்னணி ஆய்வுகள் முளையக் குருத்துக்கலங்களிலிருந்தோ, தோல் அல்லது இரத்தக் கலத்தைப் பின்னோக்கி மாற்றிப் பெறும் ஐ.பி.எஸ். கலங்களிலிருந்தோ தொடங்குகின்றன. ஐ.பி.எஸ். முறையை ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதக் கலத்திலும் செய்து காட்டினார்; 2012இல் ஜோன் கேர்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வளர்ந்த மூளையின் குருத்துக்கலங்களை ஆராய்ந்ததில் வீண் எதுவும் இல்லை. எந்தச் சைகை ஒரு கலத்தை நரம்புக்கலமாக்குகிறது என்ற பாடத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

பார்க்கின்சன் நோய்க்கு ஏதாவது நம்பிக்கை உண்டா?

இருக்கிற நோய்களில் அதிக நம்பிக்கை இதில்தான். காரணம், முக்கியமான கை நடுக்கமும் விறைப்பும் மந்தமும் ஒரே வகைக் கலத்தின், அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக்கலத்தின், இழப்பால் வருகின்றன. அதை எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரியும்: புடாமென் என்ற பகுதியில்.

முதலில் கருக்கலைப்பில் கிடைத்த முளைய மூளைத் திசுவை வைத்துப் பார்த்தார்கள். 2001இலும் 2003இலும் வெளிவந்த, போலிச் சத்திரசிகிச்சையோடு (திசு வைக்காமல் வைத்ததுபோல் செய்வது) ஒப்பிட்ட இரு அமெரிக்க ஆய்வுகளும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அதோடு சிலருக்கு மருந்து இல்லாத வேளையிலும் உடல் தானாக நெளியும் கோளாறு வந்தது. 2003 ஆய்வில் திசு பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வந்தது. திசுவுக்குத் திசு கலவை மாறியதும், செரட்டோனின் என்ற வேறோர் இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அதில் கலந்திருந்ததும் காரணமாக இருக்கலாம் என்பது பிந்திய விளக்கம்.

2025 ஏப்ரலில் இரண்டு புதிய முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. வட அமெரிக்க ஆய்வில் 12 பேருக்கு முளையக் குருத்துக்கலத்திலிருந்து உருவாக்கிய டோபமின் முன்னோடிகளை, ஒவ்வொரு புடாமெனுக்கும் 9 இலட்சம் அல்லது 27 இலட்சம் கலம் என்ற கணக்கில் வைத்து 18 மாதம் பார்த்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் 7 பேருக்கு ஐ.பி.எஸ். கலத்திலிருந்து உருவாக்கியவற்றை வைத்து 24 மாதம் பார்த்தார்கள். கட்டி வளரவில்லை. வைத்த கலங்கள் உயிரோடிருந்து டோபமின் உண்டாக்குவதை பெட் ஸ்கேன் காட்டியது. பலருக்கு இயக்கம் ஓரளவு தேறியது.

ஆனால் இவை பாதுகாப்பைப் பார்க்கும் சிறிய ஆய்வுகள், போலிச் சிகிச்சைக் குழு இல்லாதவை. மூளைச் சத்திரசிகிச்சை பெற்ற நம்பிக்கையிலேயே பார்க்கின்சன் நோயாளி சில காலம் நன்றாக நடப்பதுண்டு. அதைப் பிரித்தறியப் பெரிய ஆய்வு வேண்டும். செய்முறையும் எளிதல்ல. தலையைச் சட்டகத்தில் பொருத்தி, எம்.ஆர்.ஐ. படத்தில் இடம் குறித்து, மண்டையோட்டில் துளையிட்டு, மெல்லிய குழாயை இறக்கிச் சிறிது சிறிதாகக் கலத்தை விடுவார்கள். வேகமாக விட்டால் கலம் குழாயோரமாக மேலே கசிந்துவிடும். இரத்தக்கசிவு அபாயமும் உண்டு. உடல் அதை நிராகரிக்காமலிருக்க, டக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்தை ஒரு வருடமாவது எடுக்க வேண்டும். பலன் தெரிய மாதங்கள் செல்லும். மறதி, மலச்சிக்கல், நிலைதடுமாறி விழுதல் ஆகியவற்றை இது சரிசெய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. அவை வேறு கலங்களின் பாதிப்பு.

இப்போது கையிலுள்ள சிறந்த மருந்து லெவோடோபாதான். உணவுக்கு அரை மணி முன்பு எடுங்கள். பருப்பு, கருவாடு, முட்டை போன்ற புரதச் சாப்பாட்டோடு எடுத்தால் உறிஞ்சல் குறையும். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர் பகல் குளிசையைச் சிறு டப்பாவில் தண்ணீரோடு கையில் கொண்டுபோக வேண்டும். வேளை தவறினால் சரிவில் உடல் பிடித்துக்கொண்டு விழ நேரும். சட்டென்று நிறுத்தவும் கூடாது. கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிராபத்தாகலாம்.

பாரிசவாதத்துக்குக் குருத்துக்கலம் ஏற்றலாமா?

இன்று எந்த வைத்தியரும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டிய நிலைக்கு அது வரவில்லை. நாள்பட்ட பாரிசவாதத்தில் நடந்த மூளைக்குள் கலம் வைக்கும் சிறு ஆய்வுகள் செய்யக்கூடியது என்று காட்டின, பலனை நிரூபிக்கவில்லை.

மாறாக, முதல் மணித்தியாலங்களில் கிடைக்கும் சிகிச்சை நிரூபிக்கப்பட்டது. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 1990 சுவசெரிய அம்புலன்சை உடனே அழையுங்கள். தோட்டத்து லொறி வரும்வரை, விடியும்வரை, எண்ணெய் தடவிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. மஸ்கெலியா, பொகவந்தலாவை, இராகலைப் பக்கத்திலிருந்து இறங்கும் பாதையே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். நோயாளியைக் கடைசியாக நல்ல நிலையில் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வாயில் தண்ணீரோ தேத்தண்ணியோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகலாம். சி.டி. ஸ்கேன் எடுக்குமுன் அஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது இரத்தக்கசிவாகவும் இருக்கலாம். பிரஷரைக் குறைக்க மேலதிகக் குளிசையும் வேண்டாம்.

வீடு திரும்பியபின், விழுந்த பக்கக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு இறங்கி, பிறகு வலியாலேயே பயிற்சி செய்ய முடியாமல் போகும். முதுகுக்குப் பின்னால், அல்லது இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்குங்கள்.

வலிப்பு, எம்.எஸ்., அல்சைமர் போன்றவற்றுக்கு?

வலிப்பில், தூண்டலை அடக்கும் வகை நரம்புக்கலத்தை உருவாக்கி வைக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. பார்க்கின்சனுக்கு அடுத்து நாங்கள் கவனித்துவருவது இதைத்தான். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்) என்பது உடலின் எதிர்ப்புசக்தியே மூளையைத் தாக்கும் நோய். அதில் சிலருக்குச் சொந்த இரத்தக் குருத்துக்கல மாற்று உண்மையில் பலன் தருகிறது, ஆனால் அது மூளையைப் புதிதாக்குவதல்ல. மூளையைத் தாக்கும் எதிர்ப்புசக்தியை அழித்து மறுபடி உருவாக்குவது. அல்சைமர் என்ற மறதி நோயில் மூளை முழுதும் பரவிய சேதம், ஓரிடத்தில் கலம் வைத்துத் தீராது.

பிள்ளைக்குப் பெருமூளை வாதம், ஓட்டிசம். தொப்புள்கொடி இரத்தம் ஏற்றலாம் என்கிறார்களே?

தொப்புள்கொடி இரத்தத்தில் இருப்பது இரத்தத்தை உருவாக்கும் குருத்துக்கலம். சில இரத்த நோய்களுக்கு அது உயிர்காக்கும் சிகிச்சை. ஓட்டிசத்துக்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 180 பிள்ளைகளில் செய்த ஆய்வு, 2020இல் வெளியான முடிவின்படி, முதன்மை இலக்கான சமூகத் தொடர்பாடலில் முன்னேற்றம் காட்டவில்லை. பெருமூளை வாதத்தில் ஆய்வுகள் தொடர்கின்றன. விற்பனைக்கு வரும் தகுதி இன்னும் இல்லை. ஒரு முறைக்குக் கேட்கும் பணம் பல மாதப் பேச்சுப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும் பஸ் செலவாகும். பிள்ளைக்கு அந்தப் பயிற்சி தரும் பலன் நிச்சயமானது.

என்பு மச்சையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்து நாளத்தில் ஏற்றினால் கலம் மூளைக்குப் போகுமா?

பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே மாட்டிக்கொள்ளும். தப்பியவற்றை இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு மறிக்கும். போய்ச் சேர்ந்தாலும் அந்தக் கலங்கள் செயற்படும் நரம்புக்கலமாக மாறுவதில்லை. ‘உங்கள் சொந்தக் கலம்தானே, பாதிப்பில்லை’ என்பது விளம்பரத்தின் பேச்சு.

உண்மையில் தீங்கு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, மருத்துவச் சஞ்சிகைகளில் பதிவாகியும் இருக்கிறது. பரம்பரை நரம்பு நோயுள்ள இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனுக்கு மொஸ்கோவில் முளைய நரம்புக் குருத்துக்கலங்களைப் பலமுறை செலுத்தினார்கள். நான்கு வருடங்களில் மூளையிலும் முள்ளந்தண்டிலும் கட்டி. சோதித்தபோது அந்தக் கட்டி சிறுவனுடையதல்ல, தானமாக வந்த கலங்களிலிருந்து வளர்ந்தது. 2009இல் இது வெளியானது. 2016இல், பாரிசவாதத்துக்காகப் பல நாடுகளில் பணம் கட்டி ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கர் ஒருவருக்கு முள்ளந்தண்டில் பிறர் கலத்தாலான வளர்ச்சி கண்டறியப்பட்டது. அவர் ஓரளவு நடந்துகொண்டிருந்ததையும் இழந்தார். மூக்குத் திசுவை முள்ளந்தண்டில் வைத்த ஒரு பெண்ணுக்கு எட்டு வருடம் கழித்துச் சளி சுரக்கும் கட்டி வந்தது.

பெருகும் ஆற்றல்தான் குருத்துக்கலத்தின் பலம். கட்டுப்பாடு தவறினால் அதே ஆற்றல் கட்டியாகும். எட்டு வருடம் கழித்தும் வரலாம் என்பதால் ‘ஊசி போட்டு மூன்று மாதமாகிறது, ஒன்றும் ஆகவில்லை’ என்ற சாட்சியம் எதையும் நிரூபிக்காது.

இந்தியாவுக்குப் போய்ச் செய்வது சட்டப்படி சரியா? பதிவு இலக்கம் காட்டுகிறார்களே?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, இரத்த நோய்களுக்கான குருத்துக்கல மாற்றைத் தவிர மற்றவற்றை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம் என்கிறது. இலங்கையில் மருந்துகளுக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கும் பொறுப்பான அமைப்பு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை.

இலக்கம் காட்டினால் அதை எழுதி வாங்கி, இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலோ இந்தியப் பதிவேட்டிலோ இணையத்தில் தட்டிப் பாருங்கள். ஆய்வு நடக்கும் இடம், நோய், வயது வரம்பு, ஆய்வு இன்னும் ஆள் சேர்க்கிறதா என்பவை அங்கே இருக்கும். உங்களுக்குச் சொன்ன நோயும் அங்கே எழுதியிருக்கும் நோயும் ஒன்றுதானா என்று பாருங்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பதிவு வேறு, அனுமதி வேறு. பணம் வாங்கும் நிலையங்களும் சில பதிவேடுகளில் பெயரை ஏற்றிவிடுகின்றன. கலம் யாருடையது, எத்தனை, எங்கே வளர்த்தது, கட்டி வந்தால் யார் செலவில் பார்ப்பது, எத்தனை வருடம் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். சோதனைச் சிகிச்சைக்கே பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன் டயக்னோசிஸ் கார்ட்டையும் விளம்பரத்தையும் கண்டி, பேராதனை, பதுளை என்று நீங்கள் போகும் கிளினிக்கின் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள். மொழிச் சிக்கல் இருந்தால் சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

மூளையிலுள்ள குருத்துக்கலத்தை நாமே பெருக்க முடியுமா?

ஓடும் எலிகளில் ஹிப்போகாம்பஸின் புதிய கலங்கள் அதிகரித்ததை 1999இல் காட்டினார்கள். 2011இல் 120 முதியவர்களில் நடந்த ஆய்வில், ஒரு வருடம் நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 சதவீதம் பெருத்தது. அது புதிய கலத்தாலா, இரத்த ஓட்டத்தாலா என்று ஸ்கேன் பிரித்துக் காட்டாது. எப்படியானாலும் நடை நல்லது. குருத்துக்கலத்தைப் பெருக்கும் என்று விற்கும் மாவும் குளிசையும் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஊசி போட்டுவிட்டோம். இனி என்ன செய்வது?

திட்டுவார்களோ என்று கிளினிக்கில் மறைக்காதீர்கள். ஊசி போட்ட திகதி, இடம் (நாளமா, முதுகா, மூளையா), கலத்தின் வகை, எண்ணிக்கை, கொடுத்த மற்ற மருந்துகள் ஆகியவற்றை அந்த நிலையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியில் சேருங்கள். பழைய குளிசைகளை நிறுத்தச் சொல்லியிருந்தால் உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம். வலிப்புக் குளிசை குறிப்பாக. முதுகிலோ மூளையிலோ செலுத்தியிருந்தால் எப்போது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். முதல் வாரங்களில் காய்ச்சலோடு கழுத்து விறைப்பும் கடும் தலைவலியும் வந்தால் தொற்றாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வருடங்கள் கழித்தும் புதிய முதுகுவலி, கால் மரத்தல், சிறுநீர் அடங்காமை, காலையில் வாந்தியோடு தலைவலி வந்தால் பழைய நோய் முற்றுகிறது என்று விட்டுவிடாமல், ஊசி போட்ட விவரத்தை முதலில் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.